சத்தத்துக்கு ஒரு கட்டம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு, அப்பாவின் காரில் பிரேக்கை மிதித்தால் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2. கோடையில் அந்தக் கீச்சு நீண்டு வளர்ந்தது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆலயத்தில் எல்லாரும் கண்ணை மூடி மௌன ஜெபத்தில் இருந்தபோது கார் வாசலில் வந்து நின்றது. கைக்குழந்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் அழுதன.

3. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று புகார் வந்தது. சபைக் கமிட்டியின் செயலாளர், காரை விற்றுவிடுவதுதான் சபைக்கு மரியாதை என்று சொன்னார்.

4. அதைக் கேட்டு மனம் வருந்திய, ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்குட்டி, அப்பா மேல் உள்ள பிரியத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் நான்கு சக்கரங்களுக்கும் தேங்காயெண்ணெய் விட்டார்.

5. சத்தம் நின்றது. அப்பா ஸ்தோத்திரம் சொன்னார்.

6. மறுநாள் காலையில் கார் நிற்கவில்லை.

7. செயலாளர் வீட்டு வைக்கோல் படப்புக்குள் போய்த்தான் நின்றது. படப்புக்கு அந்தப் பக்கம் செயலாளர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் அடிபடவில்லை. கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து அடுக்கிய புதுப் படப்பு அது. மெத்தை போல வாங்கிக்கொண்டது. செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாயெல்லாம் உமிக்கரியும் தலையெல்லாம் வைக்கோலுமாகச் சுற்றி வந்து, காருக்குள் இருந்த அப்பாவையும் பின்சீட்டில் இருந்த என்னையும் பார்த்தார். ஒரு தடவை துப்பிவிட்டு வந்துதான் பேசினார்.

"ஐயா, நேத்து வரைக்கும் சத்தம் போட்டாவது நின்னுது. இன்னைக்கி சத்தமும் இல்ல, நிக்கவும் இல்ல. இது என்ன வண்டி?"

"படப்பை நானே திரும்ப அடுக்கித் தாறேன்," என்றார் அப்பா.

"படப்பு கெடக்கட்டும். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கமிட்டி. அன்னைக்கிக் காலம்பற நானே இந்தக் கார்ல ஏறி வருவேன். சத்தம் வரப்பிடாது. சொன்ன எடத்துல நிக்கணும். ரெண்டுல ஒண்ணு தவறினாலும் அன்னைக்கே தீர்மானம் போட்டு வித்துருவோம். ஒங்களுக்கு நம்ம ஆலயம் ஒண்ணு போதும். மத்த நாலையும் வேற ஐயருக்குக் குடுக்கச் சொல்லி மேல எழுதிருவோம்."

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள். அப்பாவிடம் ஐந்து ஆலயங்கள் இருந்தன. பெரியது ஊருக்குள், மற்ற நான்கும் வயல்களுக்கு நடுவே திசைக்கொன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் உபதேசியார் ஆராதனையைத் தொடங்கி வைக்க, அப்பா பிரசங்க நேரத்துக்குப் போய்ச் சேருவார். ஐம்பத்தாறு வயதில் இடது முழங்கால் சரியாக மடங்காது. மாட்டுவண்டியில் ஏறி இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நாற்பத்தேழாம் வருடம் சீமைக்குத் திரும்பிப் போன பாதிரியார் விட்டுச் சென்ற அந்தச் சின்னக் கார் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆலயத்துக்கு மேல் அவரால் போக முடியாது. செயலாளர் சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "அந்த நாலு எடத்துலயும் நான் ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைகளுக்கு நானே கல்யாணமும் நடத்தி வைக்கணும்னு இருந்தேன்," என்று மட்டும் சொன்னார். பிறகு ரசம் கேட்டார்.

நான் அப்போதுதான் திருவனந்தபுரத்தில் மூன்று வருட டிப்ளமோ முடித்து, வரைபட வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, உத்தரவை எதிர்பார்த்து வீட்டில் இருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் நானும் இன்னொருத்தியும்தான். பட்டறைப் பயிற்சியில் ரம்பம் பிடித்திருக்கிறேன், லேத் ஓட்டியிருக்கிறேன், எஞ்சினைக் கழற்றி எண் போட்டு அடுக்கியிருக்கிறேன். பிரேக்கை மட்டும் கரும்பலகையில்தான் பார்த்திருந்தேன். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: ஜாக்கி. முட்டுக்கொடுக்க நான்கு பலகைத் துண்டுகள். ஸ்பானர். பழந்துணி. உப்புத்தாள். பொறுமை. கடைசியில் உள்ளதை அம்மா படித்துவிட்டு, "அது உன் கையில இருக்கா, வாங்கணுமா?" என்று கேட்டாள்.

முதல் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் சட்டி மாதிரி ஓர் இரும்பு டிரம். அதையும் உருவினால் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு இரும்புத் துண்டுகள். அவற்றின் பெயர் ஷூ. பிரேக்கை மிதித்தால் இரண்டும் அகன்று டிரம்மின் உட்பக்கத்தில் உரசும். அந்த உரசலில்தான் கார் நிற்கும். இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் இருக்க, ஷூவின் முதுகில் லைனிங் என்று ஒரு பட்டையை வைத்து ரிவெட் ஆணி அடித்திருப்பார்கள். எங்கள் காரில் அந்தப் பட்டை பழைய அப்பளம் போலத் தேய்ந்து, ரிவெட்டின் தலைகள் வெளியே வந்து டிரம்மைக் கீறியிருந்தன. கீச்சுச் சத்தத்தின் காரணம் அதுதான். ஆனால் இப்போது எல்லாவற்றின் மேலும் எண்ணெய் பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன். நேந்திரங்காய் வறுக்கும் வீட்டின் வாசனை.

கோயில்குட்டி என்றால் ஆலயத்தில் மணியடித்து, விளக்குத் துடைத்து, பெஞ்சுகளை நேராக்குகிறவர். எங்கள் கோயில்குட்டிக்கு நாற்பது வயதிருக்கும்; கை எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"நாந்தான் பிள்ள விட்டேன். சக்கரத்துல உள்ள ஓட்ட வழியா கோழி எறக வச்சு நல்லா உள்ளத் தள்ளி விட்டேன். நாலு சக்கரத்துக்கும் ஒரு குப்பி போச்சு."

"எதுக்கு?"

"இது என்ன கேள்வி? மணி கீச்சுன்னா எண்ண போடுவேன். கதவு கீச்சுன்னா எண்ண போடுவேன். ஆர்மோனியத்துக்க மிதி கீச்சுன்னாலும் அதேதான். பெறகு கேட்டுச்சா சத்தம்? கேக்கல்லல்லா?"

"கேக்கல. ஆனா மணி தடங்கல் இல்லாம ஆடணும். கதவு தடங்கல் இல்லாமத் திறக்கணும். இது ஒண்ணு மட்டும் தடங்கலுக்காகவே வச்சது. உரசினாத்தான் நிக்கும்."

அவர் டிரம்மை எட்டிப் பார்த்தார். அதில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் வழுக்கியது.

"அப்போ ஐயர நான் கொல்லப் பாத்தனா?"

"படப்பைத்தான்."

"அதுவும் செயலாளருக்க படப்பு!" என்று தலையில் கை வைத்தவர், கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டார். "வேற யாருக்க படப்பும் அகப்படல்ல பாத்தியா அதுக்கு."

அன்றிலிருந்து வேலை முடியும்வரை மாலை மணியடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தவம் மாதிரி ஆகிவிட்டது.

நோட்டில் காரணங்களை எழுதினேன். ஒன்று, லைனிங் தேய்ந்தது. இரண்டு, ரிவெட் வெளியே வந்தது. மூன்று, ஓட்டும்போது தேவையில்லாத நேரத்திலும் பிரேக்கின் மேல் கால் இருப்பது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார்.

"இந்த மூணாவது யாரு மக்கா?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன்.

"கோழி குறுக்க வருமே," என்றார்.

"வரும்போது மிதிச்சாப் போதும்ப்பா."

"வாறதுக்கு முன்னாலேயே மிதிச்சுட்டா அதுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." ஆனாலும் பேனாவை வாங்கி மூன்றுக்கு எதிரே 'முயற்சி செய்யப்படும்' என்று எழுதினார்.

மறுநாள் ஒரு ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அது என்னவென்று கேட்டார். காருடைய ஷூ என்றேன். அதற்குப் பிறகு அவர் இறங்கும்வரை என்னிடம் பேசவில்லை.

மோட்டார் சாமான் கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"கூட ஆம்பள ஆரும் வரல்லியா?"

"இல்ல. அகலம் ஒண்ணரை அங்குலம், கனம் பதினாறுல மூணு பங்கு. எட்டுத் துண்டு வேணும். செம்பு ரிவெட்டும் வேணும். என்னென்ன லைனிங் இருக்கு?"

அவர் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மேசைமேல் மூன்று வகை வந்தன. முதலாவது, நெய்த ஜாதி: கல்நார் நூலையும் பித்தளைக் கம்பியையும் சேர்த்துத் தடித்த துணி போல நெய்தது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இரண்டாவது, அச்சில் அழுத்தி வார்த்த ஜாதி: கறுப்பு, கல் மாதிரி, நகம்தான் தேயும். மூன்றாவது, ஏதோ மில்லில் ஓடி ஓய்ந்த பெல்ட்டை வெட்டிய துண்டு. அதை அவரே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். "இது கேக்குறவங்களுக்கு. நீ கேக்கமாட்ட."

"கெட்டியானதை யாரு வாங்குறா?"

"களியக்காவெள லாரிக்காரனுக இதத்தவிர வேற தொடமாட்டானுக. வண்டி தேயும், இது தேயாது."

நான் நோட்டைத் திறந்து, கடை மேசையிலேயே கோடு போட்டுக் கட்டம் அடித்தேன். எத்தனை நாள் உழைக்கும், சூட்டைத் தாங்குமா, நனைந்தால் பிடிக்குமா, ரிவெட் உறுதியாக இருக்குமா, டிரம்மைத் தின்னுமா. ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கடைக்காரரைக் கேட்டு, என் சந்தேகத்தைக் கழித்து, எண் போட்டேன். கல் மாதிரி இருந்தது நெய்ததைவிட எட்டு எண் முன்னால் நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, படித்த படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய லைனிங்கை வெட்டி எடுத்து, டிரம்களைப் பெட்ரோல் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க இரண்டு நாள் ஆயிற்று. புது லைனிங்கை ரிவெட் அடிக்கும்போது நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடு உப்பிக்கொள்ளும். கோயில்குட்டி ஷூவைப் பிடித்தார். நான் அடித்தேன். அம்மா எண்ணினாள். எட்டு ஷூக்கள் முடிந்த மாலை எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பசி.

மறுநாள் காலை காரை ஆலயத்து மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். சுண்ணாம்பால் நான் போட்ட கோட்டில் அப்பா மிதித்தார். கார் கோட்டிலேயே நின்றது. கூடவே, கோடையில் வந்ததைவிட இரண்டு மடங்கு நீளமாக ஒரு கீச்சு எழுந்து, ஆலயக் கூரைப் புறாக்களை எல்லாம் கிளப்பிவிட்டது.

கோயில்குட்டி மெதுவாக, "கொஞ்சமாட்டு எண்ண..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நிக்குதுல்லா மக்கா. அது போதும்," என்றார் அப்பா. போதாது என்று அவருக்கும் தெரியும்.

நான் வீட்டுக்குள் போய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து கட்டங்களையும் திரும்பக் கூட்டினேன். கூட்டல் சரி. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒவ்வொரு தலைப்பாக வாய்விட்டுப் படித்தாள்.

"சத்தத்துக்கு எங்க கட்டம்?"

நான் பார்த்தேன். இல்லை.

"ஏட்டி, சத்தம் வருகுன்னுதானே நாகருகோவிலு வரைக்கும் போன? மூணு வருசம் திருவனந்தபுரத்துல சோறு தின்னு படிச்சவளுக்கு சத்தத்துக்கு ஒரு கட்டம் போட எடம் இல்லாமப் போச்சா?"

சிரிப்பு அவளுக்கு முதலில் வந்தது. பிறகு எனக்கும் வந்தது. வாசலில் இருந்த அப்பா என்னவென்று கேட்க, அம்மா சொல்ல, அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கியதும் நாட்களை எண்ணிப் பார்த்தேன். கமிட்டிக்கு நான்கு நாள் இருந்தது.

அன்று மாலை முழுதும் யோசித்ததில் எனக்குத் தெளிந்தது இதுதான். நான் லாரிக்கு லைனிங் தேர்ந்திருக்கிறேன். சூடு, உழைப்பு எல்லாம் மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓடுகிறவனுக்கு. அப்பா ஓட்டுவது வயலுக்கு நடுவே மட்டமான ரோடு. மணிக்குப் பதினைந்து மைல். பாரம் என்றால் ஒரு வேதபுத்தகமும் பின்சீட்டில் யாராவது கொடுத்த பூசணிக்காயும். அவருக்கு வேண்டியது மெத்தென்று பிடிப்பது. சீக்கிரம் தேயும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றத்தான் நான் இருக்கிறேனே.

மறுநாள் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நெய்த ஜாதியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

"கீச்சுதா?"

"கீச்சுது. நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"அஞ்சு கேள்வி கேட்ட. அதுல இது இல்லியே." பிறகு உள்ளே போய் ஓர் அரத்தையும் கொண்டுவந்தார். "போட்டப்பொறவு ரெண்டு ஓரத்தையும் சரிவாட்டு அராவிரு. நேர் விளிம்பு டிரம்மைக் கவ்வும், கவ்வினாக் கத்தும். அரத்தைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

மீண்டும் எட்டு ஷூ, மீண்டும் நடுவிலிருந்து ஓரம். இந்தத் தடவை ஓரங்களைச் சரிவாக அராவினேன். சனிக்கிழமை மாலை சோதனையில் கார் கோட்டில் நின்றது. எவ்வளவு சத்தம் என்று நோட்டில் எழுத வேண்டியிருந்தது. எழுத ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை செயலாளர் வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் குடையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டார். நான் பின்சீட்டில். இருப்பதிலேயே தூரமான ஆலயத்துக்குப் போகலாம் என்று அவர்தான் சொன்னார்.

வழியில், அறுத்த வயலில் மேய விட்டிருந்த வாத்துக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. இருநூறாவது இருக்கும். அப்பாவின் கால் பிரேக்கின் மேல் முன்கூட்டியே இல்லாததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்றாவது காரணத்துக்கு அவர் எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் குடையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மிதித்தார். கார் நின்றது. வாத்துக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டே இருந்தார்.

"நின்னாச்சா?" என்றார் செயலாளர், கண்ணைத் திறக்காமல்.

"நின்னாச்சு."

கண்ணைத் திறந்து வாத்துகளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "நெசமாட்டே நின்னுட்டுதே ஐயா!"

கால்வாய் மதகைத் தாண்டித் திரும்பினால் ஆலயம். எட்டு மணிக்கு ஆராதனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சபை முழுதும் புளியமரத்து நிழலில் இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரர்கள் வறுத்த புளியங்கொட்டை கடித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டுப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். கார் அவருக்கு நான்கடி தூரத்தில் நின்றும் அவர் திரும்பவில்லை. செயலாளர் இறங்கிக் கதவைச் சாத்திய சத்தத்தில்தான் திரும்பினார்.

"அய்யோ, ஐயரு!"

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே வாசலுக்கு ஓடினார்கள். உபதேசியார் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, எந்தக் கைக்கு எந்த ஓட்டை என்று தேடினார். கடைசியாக எழுந்த ஒரு பெரிய பெண்மணி மட்டும் ஓடவில்லை. சேலையைத் தட்டிவிட்டு நேராக அப்பாவிடம் வந்தார்.

"என்ன ஐயா, இப்பிடி சொல்லாமக் கொள்ளாம வருவியளா? மதவுல கீச்சுன்னு கேட்டப்பொறவு நாங்க உள்ள போனா சரியா இருக்கும். ஆறு மாசமாட்டு அப்பிடித்தானே நடக்குகு?"

"அப்போ ஜெபத்துக்கு எடஞ்சல்னு சொன்னது?" என்றார் செயலாளர்.

"அது தொடக்கத்துல. பெறகு கீச்சு வந்தப்பொறவுதான் ஜெபமே. எடஞ்சல் எங்க வந்துது?"

செயலாளர் குடையைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றார். தலைமையாசிரியராக இருந்த காலத்தில், வராண்டாவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் வகுப்புகள் எப்படி அமைதியாகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நல்ல சபை!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

அன்று மதியம் கமிட்டியில் இரண்டு தீர்மானங்கள் எழுதினார்கள். கார் விற்கப்பட மாட்டாது; ஐந்து ஆலயங்களும் ஐயரிடமே இருக்கும் என்பது ஒன்று. ஐயர் எந்த ஆலயத்துக்குப் போனாலும் வழியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது மற்றொன்று. செயலாளர் தம் கையாலேயே எழுதி அடியில் கோடும் போட்டார். சபைகள் மணிப்படி ஆராதனையைத் தொடங்கப் பழக வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. எனக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்து, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு சக்கரங்களைக் கழற்றிப் பார்ப்பது என் பொறுப்பு. நெய்த லைனிங் இப்போது இரண்டாவது செட். ஐந்து ஆலயங்களில் மூன்று எட்டு மணிக்கே தொடங்குகின்றன. ஒன்று எட்டே காலுக்கு. புளியமரத்துச் சபை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்தை அப்பா நடத்தி வைத்தார்.